பச்சை மலையும் ஏழு இருக்கை வாகனமும்

அரபு நாடு என்றதும் நம் மனக்கண் முன் விரிவது மணல்வெளிதான். ஈச்ச மரங்கள், ஒட்டகங்கள், முகத்தில் அறையும் அனல் காற்று. இந்த எண்ணத்தோடு ஓமன் நாட்டின் ஜபல் அக்தர் மலைக்குச் செல்பவர் வியப்பில் ஆழ்ந்து போவார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், ரோஜாத் தோட்டங்களும் மாதுளை மரங்களும் நிறைந்த சிற்றூர்கள் அங்கே மலை விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. கீழே சமவெளியில் வெயில் 45 டிகிரியைத் தொடும் கோடை நாளிலும் மேலே மாலைக் காற்று இதமாக வீசும். குளிர்காலத்து இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே இறங்குவதும் உண்டு. ஜபல் அக்தர் என்றால் 'பச்சை மலை' என்று பொருள். ஹஜர் மலைத்தொடரின் ஒரு பகுதி அது.

மஸ்கட்டிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பிழைப்பு நாடிச் சென்று வாழும் நம்மவர் ஏராளம். ஊரிலிருந்து உம்மாவையும் வாப்பாவையும் வருகை விசாவில் அழைத்து, விடுமுறையில் எங்கே கூட்டிச் செல்லலாம் என்று யோசிப்பவர்களுக்கு இந்த மலை ஓர் அருமையான இடம். ஆனால் அங்கே செல்வதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையையும், அதற்கெனக் குடும்பங்கள் விரும்பி வாங்கும் பெரிய வாகனம் ஒன்றின் தன்மையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த மலையில் அழகு எவ்வளவு உண்டோ அவ்வளவு அபாயமும் உண்டு. எனவே புறப்படுமுன் தெரிந்துகொள்ளுங்கள்.

அடிவாரத்தில்...

மஸ்கட்டிலிருந்து நிஸ்வா செல்லும் பெருஞ்சாலையில் ஃபஞ்சா, சமாயில், இஸ்கி ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 130 கி.மீ. சென்றால் பிர்கத் அல் மவ்ஸ் என்னும் பேரூரை அடைவீர்கள். 'வாழைக் குளம்' என்பது அப்பெயரின் பொருள். ஈச்சந்தோப்புகளும் வாழைத் தோட்டங்களும் சூழ்ந்த இவ்வூருக்கு நீர் தருவது ஃபலஜ் அல் கத்மைன் என்னும் பழங்கால வாய்க்கால். மலையடியில் ஊறும் நீரைச் சாய்வு அளந்து வெட்டிய கால்வாய் வழியே, எந்த இயந்திரமும் இன்றி, நிலத்தின் சரிவை மட்டுமே நம்பி ஊருக்குக் கொண்டு வரும் முறை இது. இத்தகைய ஃபலஜ்கள் ஓமனில் ஏறத்தாழ 3,000 இன்றும் பயன்பாட்டில் உள்ளன. அவற்றுள் ஐந்தினை யுனெஸ்கோ நிறுவனம் 2006-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அந்த ஐந்தில் இதுவும் ஒன்று.

இந்த வாய்க்காலின் ஓரத்தில் சற்று நின்று பாருங்கள். நீர் ஓடுகிறது; ஆனால் பாய்வதில்லை. சரிவு அதிகமானால் கரை அரிக்கும், குறைந்தால் நீர் தேங்கும் என்பதை அறிந்த முன்னோர் அதற்கு ஓர் அளவை வைத்தனர். மலையிலிருந்து இறங்கும் எதற்கும் ஓர் அளவு வேண்டும். இந்தப் பாடத்தைத் திரும்பி வரும்போது மறந்துவிடாதீர்கள்!

காவல் சாவடி

ஊரைத் தாண்டியதும் மலைப்பாதையின் தொடக்கத்தில் ஓமன் காவல்துறையின் சாவடி உள்ளது. நாற்சக்கர இயக்கம் உள்ள வண்டிகள் மட்டுமே அதற்கு மேல் செல்ல முடியும். நம்மவர் 'ஃபோர் வீல்' என்று சுருக்கமாகச் சொல்வார்களே, அதுதான். சாதாரணக் கார்களை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த காராக இருப்பினும் இதில் விதிவிலக்கு இல்லை. ஓட்டுநர் உரிமத்தையும், வண்டியின் பதிவு அட்டையான முல்கியாவையும் கையோடு வைத்திருங்கள்.

மேலே செல்லும் பாதை அகலமான, நேர்த்தியான தார்ச்சாலை. அப்படியிருக்க இந்தத் தடை எதற்கு என்று பலர் முணுமுணுப்பது உண்டு. சாவடி இருக்குமிடம் ஏறத்தாழ 600 மீட்டர் உயரம். அங்கிருந்து 30 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவிற்குள் சாலை 1,400 மீட்டர் மேலே ஏறிவிடுகிறது. ஏறிய வண்டி இறங்கியாக வேண்டும் அல்லவா? தடையின் காரணம் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. ஏற்றத்தில் இயலாத வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் இயலாத வண்டி நிற்காது!

வாகனத்தின் அமைப்பு

வளைகுடா நாடுகளில் வசதி படைத்த குடும்பங்கள் விரும்பி வாங்கிய வாகனங்களுள் ஒன்று லெக்சஸ் ஜி.எக்ஸ். 460. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் 1989-இல் தொடங்கிய சொகுசு வாகனப் பிரிவே லெக்சஸ். ஜி.எக்ஸ். வரிசை 2002-இல் பிறந்தது. அதன் இரண்டாம் தலைமுறையான 460, 2009-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து, பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு 550 என்னும் புதிய வடிவத்திற்கு இடம் விட்டது. பழைய வாகனச் சந்தையில் குடும்பத்தினர் தேடி வாங்கும் வண்டி அது. எனவே அதையே உதாரணமாகக் கொள்வோம்.

மிகப் பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல என்னும் நடுத்தர அளவு. முன்னால் இருவர், நடுவில் மூவர், பின்னால் இருவர் என ஏழு பேர் அமரலாம். உம்மா, வாப்பா, கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் சரியாகப் பொருந்திவிடும் கணக்கு! தோல் போர்த்திய இருக்கைகள், பின்வரிசையினருக்கெனத் தனிக் குளிர்காற்று, பத்து ஏர் பேக்குகள் ஆகியவை அதன் சொகுசும் பாதுகாப்பும்.

குறைகளும் இல்லாமல் இல்லை. மூன்றாம் வரிசையில் கால் நீட்ட இடமில்லை. அது சிறுவர்களுக்கே ஏற்றது. அவ்வரிசையை விரித்துவிட்டால் பின்னால் பெட்டி வைக்க மிகச் சிறிய இடமே மிஞ்சும். பின்கதவு மேல்நோக்கித் திறப்பதில்லை. வலப்பக்கக் கீலில் பக்கவாட்டில் திறக்கிறது. வலப்புறமாக வண்டி ஓட்டும் ஓமன் போன்ற நாட்டில், சாலையோரம் நிறுத்தினால் கதவு நடைபாதைப் பக்கம் குறுக்கே நின்று, நாம் சாலைப் பக்கம் சுற்றி வந்து பொருளை எடுக்க வேண்டியதாகிறது. பிள்ளைகளை அப்பக்கம் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் கண்ணாடியை மட்டும் தனியே உயர்த்தும் வசதி இருப்பது ஓரளவு ஆறுதல்.

இனி அதன் உள்ளுறுப்பைப் பார்ப்போம். 4.6 லிட்டர் கொள்ளளவும் எட்டு சிலிண்டர்களும் கொண்ட பெட்ரோல் எஞ்சின். ஏறத்தாழ 300 குதிரைத்திறன். ஆறு கியர்கள் கொண்ட தானியங்கிப் பெட்டி. எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்கிறது. இயல்பான நிலையில் முன்னே 40, பின்னே 60 என்னும் விகிதத்தில் அதைப் பங்கிட்டு அளிப்பது நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதி. இதன் நன்மையை அறிந்துகொள்ளுங்கள். நாற்சக்கர இயக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் பழைய வகை வண்டிகளில், நடுவே இத்தகைய தொகுதி இல்லாதபோது, காய்ந்த தார்ச்சாலையில் அதை இணைத்து ஓட்டினால் வளைவுகளில் சக்கரங்கள் இழுபட்டு உறுப்புகள் பழுதாகும். ஜி.எக்ஸ். போன்ற வண்டியில் அத்தொல்லை இல்லை.

இவற்றிற்கும் மேலாக, வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும் தாழ்நிலைக் கியர் ஒன்றும் தனியே உண்டு. கரடுமுரடான பாதையில் சக்கரங்கள் மேலும் கீழும் தாராளமாக அசையவும், நல்ல சாலையின் வளைவுகளில் வண்டி சாயாமல் இறுகி நிற்கவும் உதவும் திரவ அழுத்த ஏற்பாடும் உண்டு.

ஒரு பழைய பாடம்

இத்தனை நுட்பங்கள் நிறைந்த வண்டிக்கும் ஒரு சோதனை வந்தது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் 'கன்சூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் இந்த ஜி.எக்ஸ். 460 வண்டியைத் தன் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்து, 'வாங்காதீர்கள்' என்று எச்சரித்தது. வளைவில் வேகமாகச் செல்லும்போது ஓட்டுநர் ஆக்சிலேட்டரிலிருந்து சட்டெனக் காலை எடுத்தால் வண்டியின் பின்பகுதி வழுக்கிச் சென்றது. அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய மின்னணுக் கட்டுப்பாடு தாமதமாகவே விழித்துக்கொண்டது. வழுக்கிய சக்கரம் சாலையோரத்தில் மோதினால் உயரமான வண்டி உருண்டுவிடக்கூடும் என்பதே அவ்விதழின் அச்சம்.

டொயோட்டா நிறுவனம் விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தியது. மறு சோதனைக்குப் பின் மே மாதத்தில் அவ்விதழும் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. உங்கள் கவனத்திற்குரிய செய்தி இதுதான்: உயரமான வண்டி எதுவாயினும் வளைவிற்குள் நுழையும் முன்னரே வேகத்தைக் குறைக்க வேண்டும்; நுழைந்த பின் அல்ல. ஜபல் அக்தர் சாலையிலோ வளைவிற்குப் பஞ்சமே இல்லை.

ஏற்றம்

மலையேறுமுன் அடிவாரத்திலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். இந்த வண்டியின் தொட்டி 87 லிட்டர் கொள்ளும். சமவெளியில் லிட்டருக்கு ஏறத்தாழ 7 கி.மீ. ஓடும் இவ்வண்டி, ஏழு பேரைச் சுமந்து மலையேறும்போது அதனினும் குறைவாகவே ஓடும். ஓமனில் 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் எரிபொருள் மானியம் விலக்கப்பட்டதிலிருந்து, பெட்ரோல் செலவைப் பொருட்படுத்தாத காலம் முடிந்துவிட்டது.

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகத் தேய்ந்துவிடும். எஞ்சினின் மூச்சும் அதற்கேற்பக் குறையும். 300 குதிரைகளுள் ஐம்பதுக்கும் மேற்பட்டவை வழியிலேயே களைத்து நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! எட்டு சிலிண்டர் எஞ்சினுக்கு இது பெரிய இழப்பன்று. சிறிய எஞ்சின்கள் திணறுவதைக் காணலாம்.

எஞ்சினுக்கு மட்டுமா உயரம் தெரிகிறது? காதும் அடைக்கும். கைக்குழந்தைகள் அழுதால் பாலூட்டுங்கள். விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். குமட்டல் வரும் இயல்புடையவரை மூன்றாம் வரிசையில் அமர்த்தாதீர்கள்.

மலை மேல்...

சைக் என்னும் மேட்டுநிலத்தை அடைந்ததும் காட்சியே மாறிவிடுகிறது. அல் அக்ர், அல் ஐன், அஷ் ஷுரைஜா என்னும் சிற்றூர்கள் பள்ளத்தாக்கின் விளிம்பில் அமைந்துள்ளன. அவற்றின் கீழே, ஏணிப்படிகளை அடுக்கியதுபோல், கல்லடுக்கிக் கரை கட்டிய வயல்கள் இறங்கிச் செல்கின்றன. ஃபலஜ் நீர் ஒரு படியிலிருந்து மறு படிக்கு வழிந்து அவற்றை நனைக்கிறது.

மார்ச் மாத இறுதியிலிருந்து மே மாதத் தொடக்கம் வரை சென்றால் ரோஜாக்களின் பருவம். வெயில் ஏறினால் மணம் குன்றிவிடும் என்பதால் அதிகாலையிலேயே பறிக்கிறார்கள். மண் அடுப்பில் செம்புப் பாத்திரத்தை வைத்து இதழ்களை இட்டு, மேலே குளிர்ந்த நீர் நிறைந்த கிண்ணத்தால் மூடுகிறார்கள். எழும் ஆவி கிண்ணத்தின் அடியில் பட்டுக் குளிர்ந்து, உள்ளிருக்கும் கலத்தில் துளித்துளியாக விழுகிறது. அதுவே பன்னீர். அடுப்புப் புகையின் வாசம் கலந்து சற்றே பழுப்பு நிறத்தில் இருக்கும். நம் வீட்டு நிக்காஹ்களில் தெளிக்கும் பன்னீரை மட்டுமே அறிந்தவர்களுக்கு இந்த மணம் புதிதாகத் தோன்றும்.

வாதி பனீ ஹபீப் என்னும் இடத்தில், மக்கள் விட்டுச் சென்ற ஒரு பழைய ஊரின் மண் வீடுகள் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கீழே வால்நட் மரங்களும் மாதுளைகளும் நிற்கின்றன. அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு வாகனம் என்பது கழுதைதான். 1959-ஆம் ஆண்டு ஜனவரியில் இம்மலையைக் கைப்பற்ற ஏறிய பிரிட்டிஷ் படையினருங்கூடத் தங்கள் சுமைகளைக் கழுதைகளின் முதுகில் ஏற்றியே வந்தனர். இன்று அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகக் குளிர்ந்த காற்றில் அமர்ந்தவாறு ஏறிவிடும் நாம், அந்தக் கால்களின் உழைப்பை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இறக்கம்

மாலையில் திரும்பும் நேரம். பிள்ளைகள் களைத்திருப்பார்கள், பெரியவர்கள் கண்ணயர்ந்திருப்பார்கள். ஓட்டுபவர் மட்டும் விழித்திருக்க வேண்டிய நேரம் இது.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வண்டியின் எடை ஏறத்தாழ 2,300 கிலோ. ஏழு பேரும் சாமான்களும் சேர்ந்தால் 2,800 கிலோ. இந்த எடை 1,400 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 30 டிகிரி வெப்பமுள்ள 130 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. கலியாண வீட்டுத் தேக்சாவை மனத்தில் கொண்டு வாருங்கள். அதில் நீர் கொதிக்க எவ்வளவு விறகு எரிக்க வேண்டும்! அந்த வெப்பம் எங்கேயாவது போயாக வேண்டும். காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை நீங்கள் பிரேக்கிடம் ஒப்படைத்தால், தட்டுகள் சிவக்கக் காய்ந்து பிடிமானம் இழக்கும்.

பிரேக் திரவமும் கொதிக்கும். 'டாட் 3' என்னும் வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி வரை தாங்கும். நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்தால் ஆவிக் குமிழிகள் தோன்றும், மிதித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. பிரேக் திரவத்தைக் காலந்தோறும் மாற்றச் சொல்வது இதனால்தான். பழைய வண்டி வாங்குபவர்கள் தோல் இருக்கையைத் தடவிப் பார்ப்பதற்கு முன் இதை விசாரியுங்கள்.

இதற்குத் தீர்வு கியரில் இருக்கிறது. கியரைக் கையால் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வைத்து இறங்குங்கள். ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நான்கு சக்கரங்களும் அதில் பங்கேற்பதால் பிடிப்பு சீராக இருக்கும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராமல், தேவைப்படும்போது நன்கு அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின் விட்டுவிடுங்கள். இறக்கத்தில் வேகத்தைத் தானே காக்கும் மின்னணு ஏற்பாடு இந்த வண்டியில் உண்டு. ஆனால் அது பிரேக்கைக் கொண்டே வேலை செய்கிறது. கரடுமுரடான செங்குத்துப் பாதையில் ஊர்ந்து இறங்குவதற்கே அது உரியது. நீண்ட தார்ச்சாலை இறக்கத்தில் அதை நம்ப வேண்டாம்.

சாலையோரத்தில் ஆங்காங்கே மேல்நோக்கிப் பிரியும் சரளைக்கல் பாதைகளைக் காண்பீர்கள். பிரேக் இழந்த வண்டிகள் ஏறிச் சிக்கி நிற்பதற்காக அமைத்தவை அவை. அவற்றின் அருகே படம் எடுக்க வண்டியை நிறுத்தாதீர்கள். இன்னொருவரின் கடைசி நம்பிக்கை அந்த இடம்.

நாற்சக்கர இயக்கம் என்றாலே பாதுகாப்பு என்று எண்ணுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. அந்த வகையில் 'ஃபோர் வீல்' வண்டிக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை. எடை கூடியிருப்பதால் நிறுத்துவதற்குச் சிரமமே அதிகம். சாவடியில் காவலர் பார்ப்பது வண்டியை. அந்த வண்டியின் தாழ்ந்த கியரைப் பயன்படுத்தத் தெரிந்த கை இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல்

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை அழுதால் மடியில் எடுத்து வைத்துக்கொள்வோம். தாயின் மடியைவிடப் பாதுகாப்பான இடம் ஏது என்பது நம் எண்ணம். வீட்டில் அது உண்மை. ஓடும் வண்டியில் அது உண்மையன்று. 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி எதிலேனும் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தை அந்தக் கணத்தில் 140 கிலோ போல் முன்னே பாயும். எந்தத் தாயின் கரங்களால் அதைப் பிடித்து நிறுத்த இயலும்? அன்பிற்கு எல்லை இல்லை. ஆனால் கரங்களின் வலிமைக்கு எல்லை உண்டு.

பத்து ஏர் பேக்குகள் இருப்பினும், குழந்தைக்குரிய தனி இருக்கையும் பெரியவர்களுக்கு சீட் பெல்ட்டும் இல்லையேல் அவற்றால் முழுப் பயன் இல்லை. முன்னிருக்கையில் மடியில் குழந்தையோடு அமர்ந்தால் விரியும் ஏர் பேக்கே குழந்தைக்கு ஊறு விளைவிக்கும். மூன்றாம் வரிசையில் அமரும் சிறுவர்களும் பெல்ட் அணிந்திருக்கிறார்களா என்று புறப்படுமுன் திரும்பிப் பாருங்கள். அழுகின்ற குழந்தைக்காக வண்டியை ஓரமாக நிறுத்தலாம். பத்து நிமிடம் தாமதமாவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

வாங்கத்தான் வேண்டுமா?

இத்தகைய வாகனம் நமக்குத் தேவைதானா என்ற வினா எழுவது இயல்பு. ஜி.எக்ஸ். 460 எந்தச் சட்டகத்தின்மீது கட்டப்பட்டதோ, அதே அடிப்படையின்மீது கட்டப்பட்டதுதான் டொயோட்டாவின் லேண்ட் குரூசர் பிராடோ. எட்டு சிலிண்டரும் மெத்தென்ற தோலும் லெக்சஸுக்கு உரியவை. மலைக்கு வேண்டிய தாழ்நிலைக் கியரும் ஏழு இருக்கைகளும் பிராடோவிலும் கிடைக்கும். ஆண்டிற்கு ஒருமுறை மலையேறுவதற்காகக் கடன்பட்டு வாங்குவதைவிட, அந்த இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது எவ்வளவோ மேல். மலைப்பாதையில் பழக்கம் இல்லாதவர்கள் உள்ளூர் ஓட்டுநரோடு வண்டியை அமர்த்திக்கொள்ளலாம். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. தினமும் பெரிய குடும்பத்தைச் சுமக்க வேண்டியவருக்கு வசதியும் இருந்தால், சொகுசு வண்டி ஓர் அருட்கொடையே. அண்டை வீட்டார் வாங்கினார் என்பதற்காக வாங்கினால், மாதத் தவணை அந்த மலையைவிடச் செங்குத்தாகத் தோன்றும்!

எந்த வண்டியில் சென்றாலும், இறங்கி முடித்ததும் பிர்கத் அல் மவ்ஸில் சிறிது நேரம் நிறுத்துங்கள். பிரேக் ஆறட்டும். பெரியவர்கள் கால் நீட்டட்டும். மஃரிபிற்குரிய நேரமாக இருந்தால் தொழுதுவிட்டு, மஸ்கட் செல்லும் பெருஞ்சாலைக்கு நிதானமாகத் திரும்புங்கள். உங்கள் பயணம் நலமாக அமையட்டும். புறப்பட்ட ஏழு பேரும் நலமே இல்லம் சேர அல்லாஹ் அருள் புரிவானாக!